கைந்நூலின் ஓரம் எவருக்குரியது?

சென்ற தவணையில் எமது கலைப்பீடத்தில் நிகழ்ந்த கலந்துரையாடல் ஒன்றில் விரிவுரையாளர் ஒருவர் தெரிவித்த கருத்தே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. தமிழ்ச் சங்கத்தின் பழைய மலர்கள் அனைத்துக்கும் கணினியில் ஒரு பொருளடைவு தயாரிக்கும் முயற்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு மென்பொருட் கைந்நூல்களின் பக்கம் திரும்பியது. ‘கருவியை ஆக்கியவனே அதன் கைந்நூலையும் எழுத வேண்டும், வழியிற் போவோரெல்லாம் எழுதலாம் என்றால் அது நூலன்று, மதிற்சுவர்’ என்றார் அவர். அவையிலிருந்தோர் பலர் தலையசைத்தனர். அன்று நானும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க வேண்டியவை விடுதிக்குத் திரும்பும் வழியிலேதான் நினைவுக்கு வந்தன. அவற்றை அவர் தவறாது படிக்கும் இம்மலரிலே எழுதுவதே முறையெனத் தோன்றியது.

மென்பொருட் கைந்நூல் என்பது யாது? ஒரு செய்நிரலின் ஒவ்வோர் உறுப்பும் எதனைப் பெற்று எதனைத் தரும், எங்கே தவறும், தவறினால் செய்யத்தக்கது யாது என்பனவற்றைக் கூறும் நூல். முன்னர் தடித்த அட்டையுடன் அச்சில் வந்தது. இன்று பெரும்பாலும் கணினித் திரையிலேயே படிக்கப்படுகின்றது. திரைக்கு வந்தபின் அதன் ஓரம் இரு வகையாகத் திறந்துகொண்டது. ஒன்று, மூலம் மூலமாகவே இருக்க, அதன் அடியில் வாசகர் குறிப்பெழுதுதல். பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் கைந்நூலை எடுத்துப் பார்ப்போர், பக்கங்களின் அடியிலே பெயரும் திகதியும் தாங்கிய வாசகர் குறிப்புகள் அடுக்கடுக்காக நிற்பதைக் காணலாம். மற்றையது, மூலத்தையே எவரும் திருத்தலாம் என விட்டுவிடுதல். இதுவே விக்கி முறை. வோட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்க நிரலாளர் 1995 ஆம் ஆண்டில் முதலாவது விக்கியை ஆக்கினார். விரைவு எனப் பொருள்படும் ஹவாய்ச் சொல்லை, ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டார். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வகை, ஓரமே இல்லாத கைந்நூல். விரிவுரையாளர் வேண்டுவது இதனையே.

என் அனுபவத்தை முதலில் கூறிவிடுகின்றேன். அது இரு பக்கமும் வெட்டுவது.

பொருளடைவிலே கட்டுரைத் தலைப்புகள் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு தலைப்பிலும் முதல் இருபது எழுத்துகளை மட்டும் வெட்டியெடுக்குமாறு கணினியைப் பணித்தேன். வந்தவை நான்கைந்து எழுத்துகளே; ஈற்றில் கறுப்புச் சாய்சதுரத்தினுள் ஒரு வினாக்குறி. நான் பயன்படுத்திய நிரல்மொழியின் கைந்நூலைப் பார்த்தேன். ‘நீளம்’ என்றிருந்ததேயன்றி எதன் நீளம் என்றில்லை. அப்பக்கத்தின் அடியிலே ஒரு வாசகர், ஆங்கிலமல்லாத மொழியொன்றைப் பேசுபவராகவே அவர் இருத்தல் வேண்டும், இரண்டு வரி எழுதியிருந்தார். இக்கட்டளை எண்ணுவது எழுத்துகளை அன்று, பைற்றுகளையே என்பது அதன் சாரம்.

‘அம்மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். நன்னூல் படித்த எவரும் மூன்றெழுத்து என்பர். யூனிக்கோட் முறையில் அது ஐந்து குறியீடுகள்: அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், ஆகாரத்தின் கால். இன்று பெருவழக்கிலுள்ள யு.ரி.எஃப்-8 முறைப்படி சேமிக்கும்போது இவை ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைப் பிடிக்கும்; ஆக 15. மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய இவற்றுள் எது ‘நீளம்’? ஆங்கிலச் சொல்லொன்றுக்கு இம்மூன்று விடையும் ஒன்றே. ஆகவே கைந்நூலை எழுதியவருக்கு இவ்வினா எழவேயில்லை. அறிவின்மையால் அன்று, எழவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. தேவை எம்மனோர்க்கு இருந்தது. எம்மனோருள் ஒருவர் ஓரத்தில் எழுதியதாலேயே எனக்கு வழி பிறந்தது. ஆக்கியவன் அறிவான் என்பது உண்மையே. தான் நின்ற இடத்திலிருந்து தெரிவதை அவன் அறிவான்.

கதை இங்கு முடிந்திருந்தால் இக்கட்டுரை எளிதாகியிருக்கும். அதே பக்கத்தில் இன்னுங் கீழே வேறொரு குறிப்பு இருந்தது. அந்தக் கறுப்பு வினாக்குறிகள் தொல்லை தந்தால் இவ்வொரு வரியைச் சேர்க்க, மறைந்துவிடும் என்றது அது. சேர்த்தேன், மறைந்தன. ஆங்கில எழுத்தும் இலக்கமும் அல்லாத அனைத்தையும் அழிக்கும் வரி அது என்பதை அடுத்த நாட் காலையிலே அறிந்தேன். நண்பர்கள் இரண்டு மாலைகள் இருந்து பதிந்த இருநூறு வரையிலான தலைப்புகள் வெறுமையாகிவிட்டன. ஆண்டெண்கள் மட்டும் வரிசையாக, தலையில்லாத முண்டங்களாக நின்றன. பிரதி எடுத்து வைக்காமை என் குற்றம். அதற்காக நண்பர்களிடம் வாங்கிய ஏச்சு இன்னும் ஓயவில்லை. ஆயினும் அக்குறிப்பு பல்லாண்டுகளாக அங்கே எவராலும் மறுக்கப்படாமற் கிடந்தமை எவர் குற்றம்?

‘பார்த்தீரா, நான் சொன்னதுதான்’ என்பார் விரிவுரையாளர். அவசரப்பட வேண்டாம். ஓரமே இல்லாத கைந்நூலுக்கு மனித உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்ட வரலாறு ஒன்றுண்டு.

தெரக்-25 என்பது கனடாவின் அரச அணுசக்தி நிறுவனம் ஆக்கிய, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் பொறி. முன்னைய பொறிகளிலே ஆபத்தைத் தடுப்பதற்கென அமைந்திருந்த தனியான பொறிமுறைத் தடைகள் இதில் நீக்கப்பட்டு, அவ்வேலையும் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளர்கள் இப்பொறியினால் அளவுக்கு மிக மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்களுட் சிலர் அதனாலேயே மாண்டனர். 1986 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில், பொறியை இயக்கிய பெண்மணி சிகிச்சையின் வகையைக் குறிக்கும் எழுத்தைத் தவறாகத் தட்டி, உடனே அதனைத் திருத்தினார். திரையிலே ‘பழுது 54’ எனத் தோன்றியது. இயக்குவோருக்கான கைந்நூல் இப்பழுதெண்கள் பற்றி யாதொன்றும் கூறவில்லை. பராமரிப்போருக்கான நூலிலே எண்கள் இருந்தன, விளக்கம் இல்லை. இவற்றால் நோயாளிக்கு ஆபத்து நேரலாம் என்ற குறிப்பு எங்குமே இல்லை. இத்தகைய பழுதுச் செய்திகள் அப்பொறியில் அன்றாடம் தோன்றுவன. ஒரு விசையை அழுத்திவிட்டுத் தொடர்வதே வழக்கம். அவரும் அழுத்தினார். அந்நோயாளி ஐந்து மாதங்களின் பின் இறந்தார்.

உற்பத்தியாளரின் பொறியியலாளர்கள் வந்து பார்த்தனர். மிகையளவு கொடுக்க இப்பொறியால் இயலாது என்பது அவர்கள் தந்த விடை. இதுபோன்ற விபத்து வேறெங்கேனும் நிகழ்ந்ததுண்டா என மருத்துவமனை வினவியபோது, தாம் அறிய இல்லை என்றனர். அதற்கு முன்னரே மூன்று விபத்துகள் நிகழ்ந்திருந்தன. பொறி மீண்டும் இயக்கப்பட்டது. ஏப்பிரலில் அதே இயக்குநர், அதே 54, இன்னொரு நோயாளி. மூன்று வாரங்களுக்குள் அவரும் இறந்தார்.

இம்முறை மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் அப்பெண்மணியும் பொறியின் முன் அமர்ந்தனர். எந்த விசையைத் தட்டினோம், எதன் பின் எதனை, எவ்வளவு விரைவாக என்று அவர் நினைவுகூர, திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, ஈற்றில் அந்த 54 ஐத் தாமே வரவழைத்துக் காட்டினர். பழகிய கை விரைவாகத் திருத்தினால் மட்டும் வெளிப்படும் பிழை அது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது அகப்படவில்லை. ஆக்கியவர் அறியாத உண்மையை, நாள்தோறும் இயக்கிய ஒருவர் தம் விரல் நுனியில் வைத்திருந்தார்.

நான்சி லெவ்சன், கிளார்க் ரேணர் ஆகிய இருவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றை விரிவாகக் கூறும். மென்பொருளின் குறைபாடு, சோதனையின் போதாமை, நிறுவனத்தின் மிதமிஞ்சிய நம்பிக்கை எனப் பல காரணங்களை அவர்கள் காட்டுவர். கைந்நூலே கொன்றது என நான் கூற வரவில்லை. ஆனால் ஒரு நகரத்து இயக்குநர் கண்டதனை மறுநகரத்து இயக்குநர் படிப்பதற்கு, 54 என்ற எண்ணுக்கு எதிரே அரை அங்குல வெற்றிடம் எங்கும் இருக்கவில்லை. ஒவ்வோர் இடத்தவரும் தமக்கு மட்டுமே நேர்ந்த புதுமையெனத் தனித்துத் திகைத்து நின்றனர். எழுத இடம் இல்லாதபோது அனுபவம் வெறும் முறைப்பாடாகின்றது. முறைப்பாடு தனித்தனியே மறுக்கப்படுகின்றது.

‘அப்படியாயின் கதிர்வீச்சுப் பொறியின் கைந்நூலை வழிப்போக்கனும் திருத்தலாமா?’ எனும் வினா இங்கு நியாயமாகவே எழும். கூடாது. அதனை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஓரம் வேறு, மூலம் வேறு.

இவ்வேறுபாட்டைத் தமிழ் கற்போருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏடெழுதியோர் கையாற் பெயரின்றி, காலமின்றி, மூலத்தினுள்ளேயே புகுந்துவிட்ட இடைச்செருகல்களைப் பிரித்தெடுப்பதிலே எத்தனை அறிஞர்களின் வாழ்நாள் கழிந்தது! அதே மரபு வேறொரு வழியையும் வைத்திருந்தது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் உரை கண்டனர். முன்னையோர் கொள்கையை எடுத்துக்காட்டி மறுத்தனர். எது சூத்திரம், எது உரை, எவருரை என்பதிலே படிப்போனுக்கு மயக்கமில்லை. சாமிநாதையர் பதிப்புகளிலே பிரதிபேதங்கள் தனியே காட்டப்பட்டிருப்பதனையும் நாம் அறிவோம். விரிவுரையாளர் இம்மரபிலே ஊறியவர். ஓரத்தில் எழுதுவோரை மதிற்சுவரிற் கிறுக்குவோரோடு சேர்த்தெண்ணியது அவருக்குத் தகாது.

உவமையை இதற்குமேல் இழுத்தல் கூடாது. தொல்காப்பியர் வந்து உரைகளைப் படித்துத் தம் சூத்திரத்தைத் திருத்தப்போவதில்லை. மென்பொருளை ஆக்கியவனோ உயிரோடிருக்கிறான். பெரும்பாலும் சம்பளமும் பெறுகிறான்.

இங்கேதான், ஓரத்தைத் திறந்துவிட்டாற் போதும் என மகிழும் நண்பர்களோடும் நான் முரண்பட நேர்கின்றது. மூலத்திலே ஒரு பிழை. அதன் அடியிலே ஒரு வாசகர் பிழையெனக் காட்டுகின்றார். ஆண்டுகள் பல கழிந்தும் பிழையும் அதன் மறுப்பும் ஒரே பக்கத்தில் அயலவராகக் குடியிருக்கின்றன. இதற்கு மக்களாட்சி எனப் பெயர் சூட்டுவோரும் உளர். மனுவைப் பெற்றுக்கொண்டோம் என முத்திரை குத்தி அடுக்கி வைக்கும் கச்சேரியை நாம் அப்படி அழைப்பதில்லை. காலமும் இங்கு எதிரியாகின்றது. பி.எச்.பி. மொழியிலே 2012 இல் நீக்கப்பட்ட ஓர் ஏற்பாடும் உண்டு, 2015 இல் முற்றாக அகற்றப்பட்ட தரவுத்தளக் கட்டளைத் தொகுதியும் உண்டு. அவை நிலைத்திருந்த காலத்தில் அவற்றை நம்பி எழுதப்பட்ட நல்ல குறிப்பு, எழுதியவர் தவறேதும் செய்யாமலே, பின்வந்தோருக்குப் பொறியாகிவிடும். அதனை எடுத்தெறிவதற்கு அங்கே தொண்டர்கள் சிலர் உழைக்கின்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒருவர் குப்பையைக் கூட்டுகின்றார் என்பதனால் கொட்டியவற்றுக்குப் பதில் கிடைத்துவிடுவதில்லை.

போஸ்ற்கிறெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை ஆக்குவோர் வேறு வழி சென்றனர். அவர்களது கைந்நூலிலும் முன்னர் வாசகர் குறிப்புகள் காட்சியளித்தன. பின்னர் அவற்றை அகற்றிவிட்டு, பிழையைக் கைந்நூலைப் பேணுவோருக்கே நேராக எழுதியனுப்பும் படிவமொன்றைப் பக்கத்தின் அடியில் வைத்தனர். எழுதப்படுவது மூலத்தின் திருத்தமாக முடிய வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இது பாதி சரி. பிழை பிழையாக நின்று ஓரத்திலே திட்டு வாங்குவதிலும் பார்க்க, திருந்திவிடுவது மேலானது. மறுபாதி? அனுப்பப்பட்டவை பொதுவிலேயே சேமிக்கப்படுகின்றன என்றாலும், பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவனுடைய கண்ணில் அவை படுவதில்லை. இவ்வரி குறித்து ஐயம் எழுப்பியோர் உளர் என்பதே அவனுக்குத் தெரியாது. ரைலர் நகரத்து இயக்குநரின் நிலை அதுவே.

இனி விக்கி. உடைமையாளன் என ஒருவன் இல்லாத இடத்திலே இம்முறை நன்றாகவே விளைந்திருக்கிறது. ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் ஆக்கிய விக்கியை, அவ்வியங்குதளத்தைத் தொட்டறியாதோரும் தேடிச் சென்று படிக்கின்றனர். அங்கே எழுதுவோரும் படிப்போரும் ஒரே கூட்டத்தார். பிழை எழுதினால் முதலில் இடறுபவர் தாமே. எழுதுபவனை அப்பிழை சுடாத இடத்தில் நிலைமை வேறாகின்றது. நிரலாளரின் கேள்வி பதில்களாற் புகழ்பெற்ற ஸ்ராக் ஓவர்ஃபுளோ நிறுவனம், உலகிலுள்ள எல்லா மென்பொருளுக்கும் வாசகரைக் கொண்டே கைந்நூல் எழுதுவிக்கப்போவதாகக் கூறி 2016 ஜூலையில் ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. எழுதினோருக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. 2017 ஆகஸ்டில் அம்முயற்சி மூடப்பட்டது. எவருக்கும் சொந்தமல்லாத நூலை எவர் பொறுப்பிலே எழுதுவது?

இதனிலும் எனக்கு உறுத்துவது மொசில்லாவின் கதை. இணையப் பக்கங்களை ஆக்குவோருக்கென அந்நிறுவனம் 2005 இல் தொடங்கிய கைந்நூல் விக்கி முறையில் வளர்ந்தது. பதிவு செய்துகொண்ட எவரும் திருத்தலாம். உலகெங்குமுள்ள தொண்டர்கள் ஊதியமின்றி எழுதினர், மொழிபெயர்த்தனர். அதன் சிறப்பைக் கண்டு 2017 இல் கூகிள், மைக்ரோசொப்ற், சாம்சங் ஆகியனவும் அதனோடு தம்மை இணைத்துக்கொண்டன. 2020 ஆகஸ்டில் மொசில்லா ஏறத்தாழ 250 ஊழியரைப் பணிநீக்கம் செய்தது. அக்கைந்நூலைப் பேணி எழுதிய பலரும் அவர்களுள் அடங்குவர். அதே ஆண்டு டிசெம்பரில் விக்கி முறை கைவிடப்பட்டது. இன்று எவரும் திருத்தத்தை முன்மொழியலாம். பொறுப்பாளர் ஒருவர் பார்த்து ஏற்ற பின்னரே அது மூலத்திற் சேரும். முறை என்ற வகையில் இதுவே மேலானது என்பது என் எண்ணம். ஆயினும் வரிசையைக் கவனியுங்கள். பார்க்க வேண்டியோர் வெளியேற்றப்பட்ட பின்னரே ‘பார்த்தபின் சேர்க்கும்’ முறை வந்தது. 2021 இல் சிலர் கூடி நிதி திரட்டி, கைந்நூல் எழுதுவோருக்கு ஊதியம் வழங்கவென்றே தனி அமைப்பொன்றைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று.

எவரும் எழுதலாம் என்னும் இனிய சொல்லின் மறைவிலே, எழுதக் கடமைப்பட்டவன் நழுவிவிடுகிறான் என்பதே என் குற்றச்சாட்டு. இரவிலே விழித்திருந்து பிழையைக் கண்டுபிடிப்பது பயன்படுத்துவோனின் உழைப்பு. எழுதுவதும் அவன் உழைப்பு. அடுத்த ஆண்டு அது பழுதாகும்போது திருத்துவதும் அவனே. பொருளை விற்றோனுக்குச் செலவு மிச்சம். ‘பிழை இருந்தால் நீரே திருத்தலாமே’ என்ற விடை பணிவுபோலத் தோன்றுவது. உண்மையிலே அது கைகழுவுதல். விலையின்றி, விருப்பத்தால் ஆக்கித் தரப்படும் மென்பொருளின் நிலை வேறு. அங்கே ஆக்கியோரும் எம்மைப் போல ஊதியமின்றி உழைப்போரே. அவர்களிடம் சம்பளக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்க முடியாது. பெயரைக் கேட்கலாம்.

பெயரைக் கேட்பது புதிய கோரிக்கையன்று. கென் தொம்சனும் டெனிஸ் றிற்சியும் 1971 நவம்பர் 3 ஆம் திகதியிட்டு வெளியிட்ட யுனிக்ஸ் கைந்நூலின் முதற் பதிப்பைப் பார்ப்போர் இரண்டு தலைப்புகளைக் காண்பர். ஒன்று ‘பிழைகள்’: இக்கட்டளை இன்ன இடத்திலே தவறும் என ஆக்கியோரே ஒப்புக்கொள்ளும் இடம். மற்றது ‘உரியவர்’: இப்பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்னும் இடம். ஒரு கட்டடத்துள்ளே ஒருவரையொருவர் அறிந்த சிலருக்காக எழுதப்பட்ட நூல் அது. பிழையைக் கண்டவர் தாழ்வாரத்தில் நடந்து சென்று உரியவரின் கதவைத் தட்டலாம். பயன்படுத்துவோர் கோடிக்கணக்கானோர் ஆகியபின், ஓரத்தைத் திறந்தோம். தாழ்வாரத்தின் மறுமுனையிலிருந்த பெயரை அழித்துவிட்டோம்.

கைந்நூலைத் திறவாமலே செயற்கை அறிவுச் செய்நிரலிடம் கேட்டுவிடுவோர் எம் விடுதியிலும் பலர். நானும் கேட்பதுண்டு. அது கற்றது வானத்திலிருந்தன்று. மனிதர் எழுதிய இத்தகைய கைந்நூல்களையும் குறிப்புகளையும் விளக்கங்களையும் உண்டே அது வளர்ந்தது. அம்மாவுக்கு மூன்றெழுத்து என எழுதியவரும், தமிழையெல்லாம் அழிக்கும் அந்த ஒரு வரியை எழுதியவரும் அதன் வயிற்றிலே ஒன்றாகக் கரைந்துவிட்டனர். விடை வரும், பெயர் வாராது, திகதி வாராது. இடைச்செருகலைக் கண்டுபிடிக்க ஏட்டறிஞருக்கு இருந்த தடயங்கூட இங்கு எஞ்சுவதில்லை. ஓரத்தைப் பற்றிய வழக்கு பழங்கதையாகிவிட்டது என்போருக்கு நான் கூறக்கூடியது, அது இப்போதுதான் அவசரமாகியிருக்கின்றது என்பதே.

ஆகவே விரிவுரையாளரிடம் நான் வேண்டுவது மதிற்சுவரன்று. மூலத்தை உரியவர் எழுதட்டும். அவர் பெயர் பக்கத்தின் தலையிலே இருக்கட்டும். படிப்பவர் எவரும் அதே பக்கத்தில், பிறர் கண்ணுக்குத் தெரியும்படி, தம் பெயரும் திகதியும் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பதும் இட்டுக் குறிப்பெழுத வழி இருக்கட்டும். எக்குறிப்பும் பதிலின்றிக் கிடக்கலாகாது. சரியென்றால் மூலம் திருந்த வேண்டும்; தவறென்றால் ஏன் தவறு என்பதை உரியவர் அதன் கீழேயே எழுத வேண்டும்; காலம் கடந்ததென்றால் அவ்வாறு குறித்து ஒதுக்க வேண்டும். இதற்கு ஆளும் பணமும் வேண்டும் என்பர். மென்பொருளை விற்பதற்கு விளம்பரம் எழுதும் ஆளுக்குப் பணம் உண்டு. ஊதியமற்ற சிறு முயற்சிகளுக்கு இது இயலாதெனின், பதிலளிக்க இயலவில்லை என்பதையே பக்கத்தின் தலையில் எழுதிவைப்பது நேர்மையானது. படிப்பவன் தன் பிரதியை எடுத்து வைத்துக்கொள்வான்.

பொருளடைவு இப்போது இயங்குகின்றது. தலைப்புகளை மீண்டும் பதிந்துவிட்டோம். அடுத்த ஆண்டு சங்கத்தைப் பொறுப்பேற்போருக்கென அதற்குத் தமிழிலே ஒரு சிறு கைந்நூலும் எழுதினேன்: பதினொரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் பாதி வெற்றிடம், தலையிலே என் பெயர். சங்க அறையின் அலுமாரியில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் ஏற்கனவே பென்சிலால் எழுதிவிட்டார்: ஆறாம் பக்கத்திற் கூறியவாறு செய்தால் ‘க்’ இல் தொடங்கும் சொற்கள் ‘கௌ’ வுக்குப் பின்னே போய் நிற்கின்றன, அகராதியில் அப்படி இல்லையே என்று. பெயரும் திகதியும் இட்டிருக்கின்றார். அவர் கூறுவது சரி. நான் இன்னும் பதில் எழுதவில்லை.